வரைபடம் இல்லாத சுரங்கங்கள்: மேகாலயாவின் எலிவளை நிலக்கரி

வணக்கம் நண்பர்களே. நிலக்கரிச் சுரங்கம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது நெய்வேலிதான்: கண்ணுக்கெட்டிய தூரம் வரை திறந்து கிடக்கும் பள்ளமும், மண்ணை வாரியெடுக்கும் ராட்சதச் சக்கர இயந்திரமும். அந்தக் காட்சியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, மேகாலயாவின் கிழக்கு ஜைந்தியா மலைகளைப் பற்றி நான் சொல்வதைக் கேளுங்கள்.

அங்கே நிலக்கரிப் படிவம் மிகவும் மெல்லியது. பல இடங்களில் ஒரு மீட்டர் கனம்கூட இராது. அதை எடுப்பதற்காக மலையையே பெயர்ப்பது கட்டுப்படியாகாது என்பதால், கிணறு வெட்டுவதுபோல் சதுரக் குழியொன்றைச் செங்குத்தாக இறக்கி, கரி தட்டுப்பட்டதும் அதன் போக்கிலேயே பக்கவாட்டில் குடைந்து செல்கிறார்கள். அந்த வளைக்குள் ஆள் நிமிர முடியாது. குந்தியோ படுத்தோ சிறு பிக்காசால் கரியைக் கொத்தி, சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் ஏற்றி, இருட்டில் தவழ்ந்தபடியே குழிவாய் வரை இழுத்து வர வேண்டும். அங்கிருந்து கிரேன் அதை மேலே தூக்கும். எலிவளைச் சுரங்கம் என்ற பெயர் அதனால்தான் வந்தது.

நிலம் அங்கே குலங்களுக்கும் தனிமனிதர்களுக்கும் உரியது. அரசியலமைப்பின் ஆறாம் அட்டவணை பழங்குடியினரின் நில உரிமைக்குக் காப்பளிக்கிறது. 1973-இல் நாடெங்கும் நிலக்கரி தேசியமயமானபோதும், நடைமுறையில் அது இந்த மலைகளை எட்டவில்லை. அந்த உரிமையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிலத்துக்கு உரியவர் ஒருவர், குழியை நடத்துபவர் இன்னொருவர், உள்ளே இறங்குபவர் வேறொருவர் என்றிருக்கும்போது, எந்த வளை எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை வரைந்து வைக்கும் பொறுப்பு யாருக்குமே இல்லாமல் போனது. என் மனதை அறுப்பது இதுதான்.

2014 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்த முறைக்குத் தடை விதித்தது. தடைக்குப் பிறகும் குழிகள் இயங்கின. 2018 டிசம்பர் 13 அன்று, க்சான் என்ற இடத்தில் லைட்டீன் ஆற்றுக்கு அருகிலிருந்த சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 15 பேர் சிக்கிக்கொண்டார்கள். மூவர் அருகிலுள்ள லும்தாரி கிராமத்தவர். மற்றவர்கள் காரோ மலைகளிலிருந்தும் அசாமிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள். சுமார் 370 அடி ஆழக் குழி அது. தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது, ஒடிசாவிலிருந்து தீயணைப்புத் துறையின் பம்புகள் வந்தன, கடற்படை முக்குளிப்போர் நீருக்கடியில் இயங்கும் கருவியோடு இறங்கினார்கள். நீரை இறைக்க இறைக்க அது மீண்டும் ஊறிக்கொண்டே இருந்தது; சுற்றிலும் கைவிடப்பட்ட பழைய வளைகளில் நீர் தேங்கியிருந்ததும், எது எதோடு இணைந்திருக்கிறது என்று காட்ட ஒரு துண்டு வரைபடம்கூட இல்லாததும் மீட்புப் பணியை முடக்கின. வாரக்கணக்கில் தேடியும் இரண்டு உடல்களை மட்டுமே மேலே கொண்டுவர முடிந்தது.

ஆறுகளையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கரியில் கந்தகம் மிகுதி. தோண்டிப் போட்ட கரியின் மீதும் திறந்து கிடக்கும் வளைகளுக்குள்ளும் மழைநீர் பட்டு ஓடும்போது அது அமிலமாகி, ஆற்றிலுள்ள மீனை அழிக்கிறது. எல்லை தாண்டி அசாமில் கொபிலி நீர்மின் நிலையத்தின் உலோகப் பாகங்களையே அந்த அமில நீர் அரித்திருக்கிறது.

உரிய அனுமதியோடும் சட்டத்துக்கு உட்பட்டும் சுரங்கம் நடத்தலாம் என்று 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. அறிவியல் முறைச் சுரங்கங்களுக்கான வேலையும் அங்கே தொடங்கியிருக்கிறது. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் ஏற்கெனவே தோண்டப்பட்ட ஆயிரக்கணக்கான குழிகள் அப்படியே இருக்கின்றன. புதிய உரிமம் ஒன்றை வழங்குவதற்கு முன் அவற்றை அளந்து, வரைந்து, நீர் தேங்கிய வளைகளைக் குறித்து வைக்க வேண்டும். 2025 ஜனவரி 6 அன்று, அசாமின் திமா ஹசாவ் மாவட்டத்திலுள்ள உம்ரங்சோவில் இதேபோன்ற வளைக்குள் வெள்ளம் புகுந்தபோது ஒன்பது பேர் உள்ளே சிக்கிக்கொண்டார்கள்.