குன்றிமணியும் லஞ்ச் சீற்றும்

(யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் சனசமூக நிலைய மண்டபத்தில் ஒழுங்கு செய்த கூட்டத்தில் பேசியது. பிறகு நானே இருந்து எழுதினேன். மேடையில் விட்டுப்போன இரண்டொரு வசனம் இதற்குள் வந்து சேர்ந்திருக்கும்.)

கூட்டத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னர் பேசிச் சபை முழுவதையும் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, எத்தனையோ அலுவலுக்கு நடுவே வந்திருக்கும் பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவர்களே (இவரைக் கண்டால் கடைக்காரர்தான் எழும்பி நிற்பார்கள், இன்றைக்கு நாங்கள் எல்லோரும் நின்றோம்), ஆலயப் பிரதம குரு ஐயா அவர்களே, சனசமூக நிலையத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மாதர் சங்கத்து அம்மாமார்களே, கதவுக்குக் கிட்ட இருந்துகொண்டு எப்போது எழும்பலாம் என்று பார்க்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். போன கூட்டத்தில் ஒருவரை விட்டுவிட்டேன், அவர் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. அவரும் வந்திருக்கிறார். அவருக்கு இரண்டு வணக்கம்.

பொன்னாடை போர்த்தினீர்கள், சந்தோசம். வீட்டில் இப்படிப் பதினாறு இருக்கிறது. என் மனைவி அவற்றைத் தைத்துப் பையாக்கிச் சந்தைக்குக் கொண்டு போகிறார். ஆகவே இன்றைய தலைப்புக்கு எங்கள் வீட்டில் ஏற்கனவே வேலை தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பு என்னவென்றால், "வளாகத்தில் கழிவுக் குறைப்பும் நிலைபேறும்". பெரிய தலைப்பு. நான் முப்பது வருடம் விவசாயப் போதனாசிரியராகச் சைக்கிளில் திரிந்தவன். என்னிடம் மூன்று விசயம் இருக்கிறது. ஒன்று, சாப்பாட்டுக் கழிவு. இரண்டு, தண்ணீரும் மின்சாரமும். மூன்று, கடதாசியும் பழுதான கணினிகளும். தலைவர் இருபது நிமிடம் தந்திருக்கிறார். மூன்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் ஆச்சி எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லுவா. "குப்பையிற் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மாறாது." ஏழை வீட்டுப் பிள்ளை கெட்டிக்காரனாக வந்தாலும் இதுதான், வேலிக்குள் விழுந்த தோடு கிடைத்தாலும் இதுதான். நல்ல பழமொழி. ஆனால் ஆச்சி காலத்தில் குப்பைக்குள் நிறம் மாறாமல் கிடந்தது குன்றிமணி ஒன்றுதான். மற்றதெல்லாம் ஆறு மாதத்தில் மண்ணாகிவிடும். அதை நினைவில் வைத்திருங்கள், திரும்பவும் இதற்கு வருவேன்.

அந்த நாளில் ஒவ்வொரு வளவிலும் கோடிப்புறத்தில் ஒரு குப்பைக்கிடங்கு இருந்தது. முற்றம் கூட்டிய சருகு, அடுப்புச் சாம்பல், மீன் கழுவிய தண்ணீர், வாழைத்தோல் எல்லாம் அதற்குள். கிடுகு வேலி மாற்றினால் பழைய கிடுகு தோட்டத்துக்குப் போகும். வேலியில் நின்ற பூவரசையும் கிளுவையையும் வெட்டிக் குழை தாழ்ப்பார்கள். பனையோலைகூட மண்ணுக்குள் போனது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து யூரியா நின்றபோது இந்தக் குடாநாடு சாப்பிட்டது இதனால்தான். ஜாம் போத்தலில் நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்துப் படித்த தலைமுறை இங்கே முன்வரிசையில் இருக்கிறது. அவர்களுக்குக் கழிவு முகாமைத்துவம் என்று யாரும் செயலமர்வு நடத்தவில்லை.

இப்போது எங்கள் பல்கலைக்கழகம் இருக்கிற இடத்தைப் பாருங்கள். 1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பரமேஸ்வராக் கல்லூரியைத் தொடங்கிய வளவு அது. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் அங்கேதான் தொடங்கியது, 1979இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. கால்நடையாகப் போகிற தூரத்தில் திருநெல்வேலிச் சந்தை. இன்னும் கொஞ்சம் போனால் கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டங்கள். அந்தத் தோட்டக்காரர் எருவுக்கும் குழைக்கும் காசு கொடுத்து வன்னியிலிருந்து லொறியில் எடுப்பிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் சாப்பிடுகிற இடத்தின் மரக்கறித் தோலும் மிச்சச் சோறும் வேறு திசையில் லொறியில் போகிறது. இரண்டு லொறியும் பலாலி வீதியில் ஒன்றை ஒன்று விலத்திப் போகும். நான் சொல்ல வந்தது இதுதான். மிச்சம் எல்லாம் விளக்கம்.

ஏன் அந்தக் கழிவைத் தோட்டக்காரர் எடுக்கவில்லை? எடுத்துப் பட்ட பாட்டைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

என் அத்தானுக்குக் கோண்டாவிலில் ஆறு பரப்புத் தோட்டம். வெங்காயம்தான் அவருக்கு உயிர். அக்கா மூன்று தரம் கூப்பிட்டாலும் கேளாத காதுக்கு, வானம் ஒருக்கால் உறுமினால் கேட்டுவிடும். பத்துப் பதினொரு வருடத்துக்கு முன்னர் மாட்டெரு விலை ஏறிப்போன நேரம், யாரோ ஒரு லொறிக்காரர் வந்து, "கூட்டெரு இருக்கு ஐயா, அரை விலை" என்றிருக்கிறார். குப்பையை உக்க வைத்துச் செய்கிற எருதான் கூட்டெரு. அன்று இரவே கொண்டுவந்து பறித்துவிட்டுப் போய்விட்டார். இரவில் வருகிற எருவை வாங்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவன் நான். சொந்த அத்தானுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

விடிய மண்வெட்டியோடு போனார். முதல் வெட்டில் ஒரு செருப்பு வார். அடுத்த வெட்டில் ஷாம்பூப் பக்கற். பிறகு யோகட் கப், பற்தூரிகை, பேனை மூடி, கடைசியில் ஒரு பொம்மையின் கை. அந்தக் கையைக் கண்டு அக்கா குழறின குழறலில் பக்கத்து வளவுச் சனம் வேலியால் எட்டிப் பார்த்தது. பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்றுகூட ஒருவர் சொன்னாராம். கூலிக்கு இரண்டு பேரைப் பிடித்து நாள் முழுக்கப் பொறுக்கினார்கள், ஐந்து உரப்பை நிறைந்தது. எல்லாவற்றிலும் கூட லஞ்ச் சீற்தான், சோற்றுப் பார்சல் சுற்றுகிற மெல்லிய பொலித்தீன் தாள். இழுத்தால் முழுதாக வராது, கிழிந்து கிழிந்து வரும். பாதி மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. அத்தானும் சலித்துப்போய், வந்தது வரட்டும் என்று வெங்காயத்தை நட்டுவிட்டார்.

வெங்காயம் பிடுங்குகிற நாள் வந்தது. மூன்றாவது பாத்தியில் வெங்காயத்தோடு சேர்ந்து ஒரு முகம் வெளியே வந்தது! லமினேற் செய்த மாணவர் அடையாள அட்டை. எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஒரு பெடியன், கழுத்துப் பட்டியோடு, சிரிக்கவும் இல்லாமல் முறைக்கவும் இல்லாமல், படம் எடுக்கும்போது நாங்கள் எல்லோரும் வைத்திருக்கிற அதே முகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறான். அத்தான் அதைச் சாரத்தில் துடைத்தார். "பாவம், பெடியன் தேடித் திரிவான்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா சொல்லுவா, தன்னுடைய தாலிக்கொடி துலைந்திருந்தால்கூட அந்த மனுசன் அவ்வளவு வேகமாகச் சைக்கிள் மிதித்திருக்காது என்று.

வாசலில் காவலாளி அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இது எந்தக் காலத்து அட்டை? இந்தத் தம்பி படிச்சு முடிச்சு, கலியாணமும் கட்டி, இப்ப கனடாவில எல்லோ!"

"உமக்கெப்பிடித் தெரியும்?"

"என்ர பெறாமகன், ஐயா."

அத்தான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாராம்: "அப்ப அவனுக்கு ஒரு கடிதம் போடும். அவன்ர முகம் என்ர வெங்காயப் பாத்தியில முளைச்சிருக்கு. வாடேல்லை, பூச்சியும் பிடிக்கேல்லை எண்டு எழுதும்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிக்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் பெடியனுடைய கழுத்துப் பட்டி சிவப்பு. அத்தனை வருடம் குப்பைக்குள் கிடந்த சிவப்பு, அப்படியே இருந்தது. குப்பையிற் கிடந்தாலும் நிறம் மாறாது, ஆச்சி! குன்றிமணி மட்டுமில்லை, லஞ்ச் சீற்றும் மாறாது, ஷாம்பூப் பக்கற்றும் மாறாது.

அன்றிலிருந்து அத்தான் வெளிக் கூட்டெரு என்றால் கிட்டவும் விடமாட்டார். அவரைப் போல எத்தனையோ பேர். தோட்டக்காரனுக்கும் உங்கள் கன்ரீனுக்கும் நடுவில் நிற்பது அந்த மெல்லிய தாள்தான்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2017 ஏப்ரல் 14ஆம் தேதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். அந்த வருடம் செப்டெம்பர் 1 முதல் லஞ்ச் சீற்றுக்கும் 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனுக்கும் தடை வந்தது. 2023 ஒக்டோபரில் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக் கரண்டி, தட்டு, உறிஞ்சு குழாய் என்று இன்னும் சிலவற்றுக்கும் தடை. பரிசோதகர் ஐயா தலையாட்டுகிறார், நன்றி. உக்கும் என்று எழுதிய சீற்றும் கடையில் விற்கிறது. அதை நான் என் குப்பைக்கிடங்கில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கணக்கு ஒன்று போடுங்கள். ஆயிரம் பிள்ளைகள் மதியம் பார்சல் வாங்கினால் ஆயிரம் சீற். கிழமையில் ஐந்து நாள், ஐயாயிரம். ஒவ்வொன்றிலும் ஒட்டிக்கொண்டு ஒரு பிடி சோறு, கொஞ்சம் பருப்பு, ஒரு மிளகாய்த் துண்டு. சோறு தனியே கிடந்தால் அது பசளை. சீற்றுக்குள் மடிந்து கிடந்தால் அது கஞ்சல். கொஞ்சம் தள்ளி நீர்வேலியில் வாழைத் தோட்டங்கள் இருக்கின்றன, இலை வெட்டி விற்க ஆள் இருக்கிறது. சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவந்தால் இலையும் தேவையில்லை. பெட்டி கொண்டுவருவது வெட்கம் என்று ஒரு தம்பி எனக்குச் சொன்னார். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பெட்டி கம்பஸுக்கு வந்ததும் எப்படி வெட்கமாகிறது என்று எனக்கு விளங்கவில்லை. தங்கச்சிமார் பலர் கொண்டுவருகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

கூட்டெரு பெரிய வித்தை இல்லை. மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டும். அதைக் கூட்டிக் கொளுத்துவதுதான் எங்கள் ஊர் வழக்கம், புகை சுற்றியுள்ள வீடுகளுக்குள் போகும். கொளுத்தாமல் வைத்திருங்கள். மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை பச்சைக் கழிவு, அடுக்கடுக்காகப் போடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி வருகிற ஈரம் போதும். குவியலின் நடுவில் சூடு 55, 60 பாகை வரை ஏறும், களை விதையும் நோய்க் கிருமியும் அதில் போய்விடும். கிழமைக்கு ஒருக்கால் புரட்டினால் மூன்று மாதத்தில் கறுப்பு மண். மீன், இறைச்சி, எண்ணெய் மட்டும் வேண்டாம், எலியும் நாயும் வரும். 2021இல் இரசாயனப் பசளைக்குத் திடீரென்று தடை போட்டு, அந்த வருடம் முடிவதற்குள் திருப்பி எடுத்தார்களே, நினைவிருக்கிறதா? அப்போது எல்லோரும் கூட்டெரு எங்கே என்று என்னிடம் கேட்டார்கள். மூன்று மாதம் வேண்டிய சாமானை மூன்று நாளில் கேட்டால் நான் எங்கே போவேன்?

இதில் தண்ணீர்க் கதையும் இருக்கிறது, அது என் இரண்டாவது விசயம், கொஞ்சம் தொட்டுவிட்டுப் போகிறேன். எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மாரியில் பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிறது, அதைத்தான் கிணற்றால் அள்ளுகிறோம். செம்மண்ணில் அளவுக்கு மிஞ்சிப் போட்ட யூரியாவும் மலகூடக் குழிகளும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொன்ன லீற்றருக்கு 50 மில்லிகிராம் அளவைத் தாண்டியிருக்கிறது. கைக்குழந்தைக்குப் பால் மாவு கரைக்கிற தண்ணீர் அது. கூட்டெரு கூடினால் தோட்டக்காரன் யூரியாவைக் குறைக்கலாம். பார்த்தீர்களா, தண்ணீரிலிருந்தும் திரும்ப எருவுக்கே வந்துவிட்டேன். வீட்டிலும் இப்படித்தான் என்று மனைவி சொல்லுவார்.

பேராசிரியர் ஐயா, 2010இல் இந்தோனேசியாவில் தொடங்கிய பசுமைப் பல்கலைக்கழகத் தரவரிசையைப் பற்றிச் சொன்னார். கட்டமைப்பு, மின்சாரம், கழிவு, தண்ணீர், போக்குவரத்து, கல்வி என்று ஆறு தலைப்பில் புள்ளி. நல்லது, எடுக்கட்டும். எனக்கு ஒரு சின்னக் குறை. பச்சை, நீலம், செம்மஞ்சள் என்று வாளி வைத்துப் படம் எடுத்தால் அதற்கும் ஒரு புள்ளி கிடைக்கும். மாலையில் மூன்று வாளியையும் ஒரே லொறியில் கொட்டுகிறார்களா என்று யார் போய்ப் பார்ப்பது? ஒரு விடுதிக்குப் பின்னால் நான் பார்த்திருக்கிறேன், இடம் வேண்டாம். வாளி பிரிந்திருந்தது, குப்பை பிரியவில்லை.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். கடதாசியும் கணினியும் அடுத்த கூட்டத்துக்கு, என்னைத் திரும்பக் கூப்பிட்டால். இந்த மேசையில் ஏழு தண்ணீர்ப் போத்தல் இருப்பதைப் பற்றியும் சொல்ல இருந்தேன், ஆனால் நான் ஒன்றைக் குடித்துவிட்டேன்.

வருகிற திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அத்தான் லாண்ட்மாஸ்ரரில், அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில், வருவார். ஆமாம், அதே அத்தான்தான், ஒரு மாதமாகக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். சமையலறைக் கழிவு மட்டும், ஒரு வாளி, ஒரு மாதம். அதற்குள் ஒரு லஞ்ச் சீற் கண்டால் அடுத்த நாள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், அவர் சொன்னால் சொன்னதுதான். கன்ரீன் பக்கத்தில் நிற்க மூன்று பிள்ளைகள் பெயர் தந்திருக்கிறார்கள், இன்னும் இரண்டு பேர் வேண்டும். கதவடியில் இருக்கிற தம்பிமார் யோசியுங்கள். வாளி நான் கொண்டுவருகிறேன். மஞ்சள் வாளி, அக்காவுடையது, மாத முடிவில் கழுவித் திருப்பித் தர வேண்டும். நன்றி, வணக்கம்.