தொகை சொல்லாத போராட்டம்

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். பணக்காரர்-ஏழை ஏற்றத்தாழ்வை எதிர்த்து, அமெரிக்க நிதி உலகின் மையமான வால் ஸ்ட்ரீட்டின் பேரால் எழுந்த 'வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிப்போம்' இயக்கம் கோரிக்கை வைக்காமல் விட்டது பலமா, பலவீனமா? பலவீனம்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

2011 செப்டம்பர் 17-ல் நியூயார்க்கின் சக்கோட்டி பூங்காவில் உட்கார்ந்தவர்களின் கோபம் முழுக்க நியாயமானது. 1979 முதல் 2007 வரை, விலைவாசியையும் வரியையும் கழித்த பிறகும், அமெரிக்காவின் உச்சி 1 சதவீதத்தினர் வருமானம் 275 சதவீதம் ஏறியது. அடித்தட்டு 20 சதவீதத்தினருக்கு ஏறியது 18 சதவீதம். அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே கொடுத்த கணக்கு இது.

கோரிக்கைப் பட்டியல் போட்டிருந்தால் கூட்டம் பிளந்திருக்கும் என்றார் எதிரணித் தோழி. போடாமல் என்ன நடந்தது, அம்மா? பூங்காவில் எல்லோரும் கூடி முடிவெடுத்த பொதுச்சபையில் ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை. ஒருவர் நாலைந்து சொல் சொல்வார். சுற்றியிருப்பவர்கள் அதையே உரக்கத் திருப்பிச் சொல்வார்கள். கூட்டம் பெரிதானால் பின்வரிசை இன்னொரு முறை சொல்லும். விரல்களை மேல்நோக்கி ஆட்டினால் சம்மதம், கீழ்நோக்கி ஆட்டினால் மறுப்பு, கைகளைக் குறுக்கே வைத்தால் தடை. தடை நீங்காவிட்டால், தீர்மானம் நிறைவேற 90 சதவீத ஆதரவு வேண்டும். ஒரு மாதம் கூடாரத்தில் படுத்தவருக்கும் அன்று மாலை வந்து நின்றவருக்கும் ஒரே கை. எல்லோரையும் மதித்த முறை, மறுக்கவில்லை. ஆனால் பூங்காவில் மேளம் எத்தனை மணி நேரம் அடிக்கலாம் என்பதே பெரும் தகராறாகிவிட்டது!

செப்டம்பர் 29-ல் ஏற்ற பிரகடனம் குறைகளை வரிசையாக அடுக்கியது. யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. நவம்பர் 15 அதிகாலை ஒரு மணிக்கு போலீஸ் பூங்காவைக் காலி செய்தது. வரலாம், கூடாரம் கூடாது என்று அன்றே நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இடம் போனதும் பேரம் பேசக் கையில் எதுவும் இல்லை.

தொகை சொன்னவர்களைப் பாருங்கள். பணக்காரர் மீதான நியூயார்க் மாநிலக் கூடுதல் வரி 2011 டிசம்பர் 31-ல் முடியவிருந்தது. அதை விடாதே என்று தொழிற்சங்கங்கள் நெருக்கின. மறுத்துவந்த ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ டிசம்பரில் இறங்கிவந்தார். 20 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டும் தம்பதியருக்கு 8.82 சதவீத வரி வந்தது. 2012 நவம்பர் 29-ல் அதே ஊரில் சுமார் 200 துரித உணவுக் கடைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து மணிக்கு 15 டாலர் கேட்டார்கள். அன்று குறைந்தபட்ச ஊதியம் 7.25. 2018 இறுதியில் நகரின் துரித உணவுத் தொழிலாளர்களுக்கு 15 கிடைத்தது.

இவற்றுக்கெல்லாம் விதை பூங்காதான் என்பீர்கள். ஊர் காதைத் திறந்தது பூங்கா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ஏற்றத்தாழ்வு ஒழிக' என்றால் ஆளுநரும் சேர்ந்து கைதட்டிவிட்டுப் போய்விடலாம். '15 டாலர்' என்றால் ஆம், இல்லை என்று ஏதாவது சொல்லியாக வேண்டும்.

அடுத்துப் பேசவரும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வி. கூடாரங்கள் நின்ற அந்த இரண்டு மாதத்தில், பொதுச்சபை 90 சதவீத ஒப்புதலோடு அரசிடம் கேட்ட ஒரே ஒரு தொகையைச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.