உப்புத்தாளை எடுக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய மரச்சாமான்களைச் செப்பனிடுவது என் தொழில். ஊஞ்சல் பலகை, பெட்டகம், மேசை என்று முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. சில ஆண்டுகளாக ஒரே கேள்வியுடன் பலர் வருகிறார்கள். "இது பட்டாளத்துப் பெட்டி என்று தாத்தா சொல்வார். எந்த நாட்டுடையது, உள்ளே என்ன இருந்தது என்று கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா?" முடியும். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷும் அடித்துவிட்டுத்தான் பெட்டியைக் கொண்டுவருகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. கல்வெட்டைக் கொத்திச் சமன் செய்துவிட்டு "இதில் என்ன எழுதியிருந்தது?" என்று கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

ஒரு பெட்டியின் அமைப்பைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு போர்க்களத்தின் கதையைச் சொல்வேன். 1879 ஜனவரி 22. தென்னாப்பிரிக்காவில் இசண்டுல்வானா என்ற குன்றின் அடிவாரம். சூலு இன வீரர்கள் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் பிரிட்டிஷ் முகாமைச் சூழ்ந்து முறியடித்தார்கள். முகாமின் பக்கம் 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தத் தோல்விக்கு நெடுங்காலம் ஒரு காரணம் சொல்லப்பட்டுவந்தது: தோட்டாப் பெட்டிகளின் மூடிகள் திருகாணிகளால் இறுக்கப்பட்டிருந்தன, திருப்புளி போதவில்லை, அதனால் துப்பாக்கிகள் வாயடைத்துப்போயின என்று.

இப்போது அந்தப் பெட்டியைப் பாருங்கள். தேக்கு அல்லது மகோகனி மரம். உள்ளே தகர உறை. வெளியே செம்புப் பட்டைகள் இரண்டு. மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிக்கான 600 தோட்டாக்கள், பத்துப் பத்தாகக் காகிதப் பொட்டலங்களில். செம்புப் பட்டைகள் கெட்டியான திருகாணிகளால் முடுக்கப்பட்டிருந்தது உண்மை. ஆனால் தோட்டாவை எடுக்க அவற்றைக் கழற்றவே வேண்டியதில்லை. மூடியின் நடுவில் ஆப்பு வடிவத்தில் ஒரு சிறு பலகை இருந்தது. அது பக்கவாட்டில் சறுக்கி வெளியே வரும். அதைப் பிடித்திருந்தது ஒரே ஒரு பித்தளைத் திருகாணி, இரண்டு அங்குல நீளம். அவசரத்தில் துப்பாக்கிக் கட்டையால் ஓங்கி ஒரு போடு போட்டால் பலகை திருகாணியோடு பெயர்ந்துவிடும். அந்தக் களத்தில் வளைந்து நெளிந்த திருகாணிகளும் கிடைத்திருக்கின்றன. ஒரு தச்சனிடம் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பான், இந்த மூடி யாரையும் தடுத்திருக்காது என்று.

இரும்புக்குப் பதிலாகச் செம்பும் பித்தளையும் ஏன்? கருமருந்து இருக்கும் இடத்தில் இரும்போடு இரும்பு உரசினால் பொறி பறக்கும். ஈரத்தில் துருவும் பிடிக்கும். ஆகவே திருகாணியின் உலோகம்கூட ஒரு சாட்சியம். அது தேய்ந்திருக்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டுப் புதிய எஃகுத் திருகாணி போடுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம்.

பெட்டியின் மேலுள்ள எழுத்தை மட்டும் நம்பி முடிவு கட்டவும் கூடாது. பட்டாளத்தில் பெட்டிகளைத் திரும்பத் திரும்ப நிரப்புவார்கள். எழுத்து வடிவில் வெட்டிய தகட்டை வைத்துப் பூசிய எழுத்து பெட்டியின் கடைசிப் பயணத்தைத்தான் சொல்லும். மரம், இணைப்பு, உள்தகரம், கைப்பிடி ஆகியவை பிறப்பைச் சொல்லும். பலகையின் முனைகள் விரல்களைக் கோத்ததுபோல வெட்டிப் பிணைக்கப்பட்டிருக்கின்றனவா? கைப்பிடி கயிறா, மரமா? உள்ளே ஈயம் பற்றவைத்த தகரத்தின் கிழிந்த விளிம்பு மிச்சமிருக்கிறதா? இருந்தால் ஈரம் படாமல் காக்க வேண்டிய சரக்கு உள்ளே இருந்திருக்கிறது.

பிறகு முத்திரை. காக்கைக்கால் போல மூன்று கோடுகள் உச்சியில் கூடும் அம்புக்குறியைக் கண்டால் அது பிரிட்டிஷ் அரசின் உடைமை. அதன் கீழே ஐ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இந்திய ராணுவக் கிடங்கு. சி என்ற எழுத்தின் வயிற்றுக்குள் அம்பு இருந்தால் கனடா, இருபுறமும் டி நின்றால் ஆஸ்திரேலியா, யு-வுக்குள் இருந்தால் தென்னாப்பிரிக்கா. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றால், அந்தப் பொருளை அரசு முறைப்படி வெளியே விற்றுவிட்டது என்று அர்த்தம்.

சோவியத் பெட்டிகள் இந்த விஷயத்தில் திறந்த புத்தகம். பச்சை வண்ணப் பெட்டிக்குள் மூடி முத்திரையிட்ட இரண்டு தகர டப்பாக்கள், டப்பாவுக்கு 440 வீதம் 880 துப்பாக்கித் தோட்டாக்கள், அவற்றைத் திறக்க ஒரு கத்தி. வெளியே தோட்டாவின் வகை, உற்பத்தி ஆண்டு, தொழிற்சாலையின் எண். 17 என்றால் பர்னவூல், 188 என்றால் நவசிபீர்ஸ்க், 60 என்றால் இன்று பிஷ்கெக் எனப்படும் அன்றைய ஃப்ரூன்ஸே. பச்சைப் பட்டை இருந்தால், பாயும்போது ஒளிக்கோடு காட்டும் தோட்டா.

அமெரிக்கப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மரம் உளுக்காமல் இருக்கப் பென்டாகுளோரோஃபீனால் என்ற நச்சு மருந்தை அவர்கள் பயன்படுத்தினார்கள். அப்படிப்பட்ட பெட்டியில் அரிசி, பருப்பு வைக்காதீர்கள். இழைத்துத் தூளாக்காதீர்கள். அடுப்பில் எரிக்காதீர்கள். எந்த நாட்டுப் பெட்டியானாலும், உள்ளே ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் தொடாமல் விலகிக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். பழையது, செத்துப்போனது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

சென்ற ஆண்டு குன்னூரிலிருந்து ஓர் அம்மா பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய மாமியார் அதில் உருளைக்கிழங்கு போட்டு வைத்திருந்தாராம். நல்லவேளை, அந்த வீட்டில் யாருக்கும் வார்னிஷ் அடிக்கத் தோன்றவில்லை. உலர்ந்த மெல்லிய தூரிகையால் மண்ணைத் தள்ளிவிட்டு, அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. சாய்வெளிச்சத்தில்தான் மரத்தில் பதிந்த பள்ளம் நிழல் கட்டும். முதலில் அம்பு தெரிந்தது. அதன் கீழே ஐ. சற்றுத் தள்ளி .303 என்ற எண், பிரிட்டிஷ் துப்பாக்கித் தோட்டாவின் அளவு. பிறகு கே.எஃப். என்ற இரண்டு எழுத்துகள். புனே அருகே 1869-இல் தொடங்கிய கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையின் குறி அது.

அந்தக் காலத்து .303 தோட்டாவைப் பிரித்தால் உள்ளே தூள் இருக்காது. சேமியாவைப் போல மெல்லிய இழைகள் கற்றையாக இருக்கும். அந்த வெடிமருந்தின் பெயர் கார்டைட். இந்தியாவில் அதைத் தயாரிப்பதற்கென்றே 1903-இல் நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலையை நிறுவினார்கள். இதைச் சொன்னதும் அந்த அம்மா பெட்டியின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அருவங்காடு எங்களுக்கு அடுத்த இரண்டாவது ரயில் நிலையம் ஐயா" என்றார்.