குடலில் திரும்பி உறிஞ்சப்படும் ஈஸ்ட்ரோஜன்: மார்பகப் புற்றுநோயில் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டா?

[காட்சி: பெண் உடலின் வரைபடம். கல்லீரல், பித்தப்பை, குடல் ஆகியவை ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

வணக்கம். மார்பகத்தில் தோன்றும் நோய்க்கும் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாவுக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும் என்ற கேள்விக்கு, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் நம் உடலைவிட்டு வெளியேறும் பாதையில் ஒரு விடை இருக்கிறது.

வேலை முடிந்த ஈஸ்ட்ரோஜனுடன் குளுக்குரோனிக் அமிலத்தைப் பிணைத்து, அதை நீரில் கரையக்கூடியதாக மாற்றி, ஒரு பகுதியைப் பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புவது கல்லீரலின் பணி. அது மலத்தோடு வெளியேறிவிட வேண்டும். ஆனால் குடலில் உள்ள சில பாக்டீரியாக்கள் பீட்டா-குளுக்குரோனிடேஸ் என்ற நொதியை உண்டாக்குகின்றன. திருப்பூரில் கட்டி லாரியில் ஏற்றிய பண்டலை வழியிலேயே பிரித்து, சரக்கைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்பியதைப் போல, இந்த நொதி அந்தப் பிணைப்பை அறுக்கிறது. விடுபட்ட ஈஸ்ட்ரோஜன் குடற்சுவர் வழியே உறிஞ்சப்பட்டு மீண்டும் இரத்தத்தில் கலக்கிறது. இந்தத் திறன் கொண்ட பாக்டீரியா மரபணுக்களின் தொகுதிக்கு 2011-இல் கிளாடியா பிளாட்டெல், மார்ட்டின் பிளேசர் ஆகியோர் எஸ்ட்ரோபோலோம் என்று பெயரிட்டார்கள்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், அந்த வயதில் சினைப்பையின் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோய், கொழுப்புத் திசுவில் உருவாகும் சிறிதளவு ஈஸ்ட்ரோஜனே உடலில் எஞ்சுகிறது. அதில் எவ்வளவு வெளியேறுகிறது, எவ்வளவு திரும்புகிறது என்பது, ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொண்டு வளரும் வகைப் புற்றுநோய்க்குப் பொருட்படுத்த வேண்டிய கணக்காகிறது. எல்லா மார்பகப் புற்றுநோயும் அந்த வகை அன்று. ஹார்மோன் ஏற்பிகளும் (புற்றணுவில் ஹார்மோன் வந்து பற்றிக்கொள்ளும் புரதங்கள்) ஹெர்-2 என்ற இன்னொரு ஏற்பியும் இல்லாத 'டிரிபிள் நெகட்டிவ்' வகை, மேலைநாடுகளைவிட இந்தியப் பெண்களிடம் அதிக விகிதத்தில் காணப்படுகிறது; அதன் வளர்ச்சியை ஈஸ்ட்ரோஜன் பாதையைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது.

[காட்சி: ஆய்வக மேசை, நுண்ணோக்கி.]

சான்றுகளைப் பார்ப்போம். 2015-இல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கோடெர்ட்டும் அவருடைய குழுவினரும், மாதவிடாய் நின்ற, இன்னும் சிகிச்சை தொடங்காத 48 நோயாளிகளின் மலத்தை நோயற்ற 48 பெண்களின் மலத்தோடு ஒப்பிட்டார்கள். நோயாளிகளின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைவாக இருந்தன. ஆனால் அந்தக் குறைவு ஈஸ்ட்ரோஜன் அளவைச் சார்ந்து அமையவில்லை. ஆகவே, மேலே சொன்ன பாதை உண்மையாகவே இருந்தாலும், அது ஒன்றே முழுக் கதை அன்று என்பதை இந்த ஆய்வு உணர்த்துகிறது. நோய் முதலில் வந்ததா, குடலின் மாற்றம் முதலில் வந்ததா என்பதையும் இத்தகைய ஒப்பீட்டால் தீர்மானிக்க இயலாது.

எலிகளில் வரிசையை மாற்றிச் சோதிக்க முடிகிறது. முதலில் ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவின் சமநிலையைக் குலைத்துவிட்டுப் பிறகு ஹார்மோன் ஏற்பி உள்ள புற்றணுக்களைச் செலுத்தியபோது, நோய் பிற உறுப்புகளுக்கு அதிகமாகப் பரவியதை வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு 2019-இல் வெளியிட்டது. பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸ் என்ற பாக்டீரியாவின் நச்சு சுரக்கும் வகையை எலிகளின் குடலில் குடியேற்றியபோது மார்பகக் கட்டிகள் வேகமாக வளர்ந்து பரவியதை 2021-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தீபாலி சர்மாவின் குழு காட்டியது. என் கருத்தில் இவை இரண்டும் இத்துறையின் வலுவான சான்றுகள். ஆனாலும் எலியிடம் கண்டதை அப்படியே பெண்ணின் உடலுக்கு ஏற்றிச் சொல்வது தவறு. 'குடலைச் சுத்தம் செய்தால் புற்றுநோய் வராது' என்று நம் ஊர்களில் விற்கப்படும் பொடிகளுக்கும் மருந்துகளுக்கும் இந்த ஆய்வுகள் எந்த ஆதாரமும் தருவதில்லை. மார்பில் கட்டி தென்பட்டவர் அவற்றை நம்பிச் சில மாதங்களைக் கழித்துவிட்டால், எளிதில் குணப்படுத்தக்கூடிய நிலை கைநழுவிப் போகலாம் என்பதே எனக்குள்ள பெரும் கவலை.

[காட்சி: அடுப்பில் கொதிக்கும் கொள்ளு; வெந்த தண்ணீர் வடிக்கப்படுகிறது.]

உணவின் பங்கு என்ன? கொங்கு நாட்டுச் சமையலறையில் கொள்ளை ஊறவைத்து வேகவிட்டு, வடித்த தண்ணீரில் ரசம் வைத்து, வெந்த பருப்பைச் சின்ன வெங்காயம், சீரகம், வரமிளகாயோடு சேர்த்துக் கடைவார்கள். அந்தப் பருப்பின் தோலில் உள்ள நார்ச்சத்தை நம்முடைய சிறுகுடலால் செரிக்க முடியாது. அது பெருங்குடலுக்குச் செல்ல, அங்குள்ள பாக்டீரியா அதை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் போன்ற குறுங்கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகிறது. இவை குடற்சுவரைப் பேணி, அழற்சியைத் தணிக்க உதவுகின்றன. கம்பு, ராகி, தட்டைப்பயறு ஆகியவற்றிலும் நார்ச்சத்து உண்டு. உலகின் 20 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான கட்டுரை, நார்ச்சத்தை மிக அதிகம் உண்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் ஏறத்தாழ 8 சதவீதம் குறைவாக இருந்ததாகக் கூறியது. சிறிய வேறுபாடுதான், கம்மங்கூழ் புற்றுநோயைத் தடுத்துவிடும் என்று எவரும் இதைக்கொண்டு சொல்லக்கூடாது.

எள்ளின் செய்தி இன்னும் நுட்பமானது. எள்ளில் உள்ள லிக்னன் என்ற பொருள்களைக் குடல் பாக்டீரியாவே என்டரோலாக்டோனாக மாற்றுகிறது. இது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் மிக மென்மையாக மட்டும் செயல்படும் மூலக்கூறு. எள்ளுருண்டையைத் தின்றால் மட்டும் போதாது, அதை மாற்றும் பாக்டீரியாவும் குடலில் உயிரோடு இருக்க வேண்டும். ஆன்டிபயாடிக் உட்கொண்டவர்களின் இரத்தத்தில் என்டரோலாக்டோன் குறைந்திருந்ததைப் பின்லாந்து ஆய்வு ஒன்று 2002-இல் கண்டது.

[காட்சி: மருந்துக் கடை. அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளைக் கத்தரிக்கோலால் வெட்டித் தரும் கை.]

சளி, காய்ச்சல் என்றதும் மருத்துவரைப் பார்க்காமலே ஆன்டிபயாடிக் வாங்குவதை இத்தனை எளிதாக நாம் வைத்திருப்பது வருந்தத்தக்கது. சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு இம்மாத்திரைகள் பயன்படுவதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், ஆன்டிபயாடிக் அதிகம் உட்கொண்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோயும் அதிகமாக இருந்தது. மருந்துதான் காரணமா, மருந்து தேவைப்படச் செய்த உடல்நிலை காரணமா என்பதை ஆய்வாளர்களே முடிவு செய்யவில்லை. எனவே மருத்துவர் எழுதிய ஆன்டிபயாடிக்கைப் பயந்து பாதியில் நிறுத்த வேண்டாம்.

[காட்சி: மருத்துவமனைப் படுக்கை அருகே சாப்பாட்டுத் தூக்கு.]

சிகிச்சையில் இருப்பவர்களின் குடும்பத்தாருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். குடலுக்கு நல்லது என்று எண்ணிப் பழைய சோற்றையும் புளித்த கூழையும் உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரையையும் அன்போடு கொண்டுவருகிறார்கள். கீமோதெரபியால், தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில், நலமாக உள்ளவருக்குத் தீங்கு செய்யாத நுண்ணுயிரியும் இரத்தத்தில் நுழைந்து கடும் தொற்றை உண்டாக்கக்கூடும். அந்நாட்களில் அப்போதே சமைத்த சூடான உணவையே கொடுங்கள். கூழையும் பழைய சோற்றையும் எப்போது மீண்டும் தொடங்கலாம் என்பதை, இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.