கன்னியாவில் முதலாம் கிணறு எது?

அன்பான நேயர்களுக்கு வணக்கம். பேச அழைத்த நிலையத்தாருக்கு என் நன்றி. திருகோணமலை வளாகத்து மாணவர்களும் விஞ்ஞான ஆசிரியர்கள் சிலரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற நம்பிக்கையில், சேகரித்த தரவை மட்டும் வைத்து ஒரு கட்டுரை எழுதி ஆய்வுச் சஞ்சிகைக்கு எப்படி அனுப்புவது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

"தரவை மட்டும் வைத்துக் கட்டுரையா? முடிவு எங்கே?" என்று சிலர் கேட்பார்கள். முடிவு தேவையில்லை. 2014இல் தொடங்கிய 'சயன்டிஃபிக் டேட்டா' போன்ற சஞ்சிகைகள் இதற்காகவே இருக்கின்றன. புதிதாக என்ன கண்டுபிடித்தீர்கள் என்று அவை கேட்பதில்லை. இந்த அட்டவணையை நம்பலாமா, உங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுக்காமல் முன்பின் தெரியாத ஒருவர் இதைப் பயன்படுத்தலாமா என்றுதான் கேட்கின்றன. கேட்க லேசாகத்தான் இருக்கும்.

நமக்குத் தெரிந்த இடமொன்றையே எடுப்போம். திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியா வெந்நீரூற்று. பக்கத்துப் பக்கத்தில் ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. அனுமதி பெற்று ஒரு மாணவி மாதாமாதம் அங்கே போய் நீரின் வெப்பநிலையை அளக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் 'கிணறு' என்றொரு நிரல், அதில் 1 முதல் 7 வரை எண்கள். சரி, முதலாம் கிணறு எது? எந்தப் பக்கமிருந்து எண்ணினார்? அவருக்குத் தெரியும், கூடப் போனவருக்கும் தெரியும். ஜப்பானில் இருந்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு எப்படித் தெரியும்? ஜிபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். கைத்தொலைபேசி காட்டும் இடம் சில மீற்றர் தள்ளி விழும். நெருக்கமாகக் கட்டிய கிணறுகளில் ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துக்காட்ட அது உதவாது. ஆகவே கையால் ஒரு வரைபடம் கீறி, வடக்கு எந்தப் பக்கம் என்று குறித்து, ஒவ்வொரு கிணற்றுக்கும் எண் போட்டு, படமும் எடுத்துச் சேர்க்க வேண்டும். கட்டுரையின் உயிர் இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கிறது.

அடுத்தது, எப்போது அளந்தார்? காலையில் ஆட்கள் வருமுன்னா, கூட்டம் வாளியால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருக்கும்போதா? வெப்பமானியை மேல்மட்டத்தில் பிடித்தாரா, அடிவரை இறக்கினாரா? எந்த வகைக் கருவி, எத்தனை தசமதானம் காட்டும்? அது சரியாகக் காட்டுகிறது என்பதற்கு என்ன சாட்சி? உருகும் பனிக்கட்டி நீரில் வைத்து 0 பாகை செல்சியஸ் காட்டுகிறதா என்று பார்த்திருந்தால் அதை எழுத வேண்டும். இருவர் தனித்தனியே அளந்து ஒப்பிட்டிருந்தால் அந்த வித்தியாசத்தையும் கொடுக்க வேண்டும். இதற்கென்றே 'தொழில்நுட்பச் சரிபார்ப்பு' என்றொரு பகுதி உண்டு. நம்மவர்கள் பலர் முன்னுரையைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இந்தப் பகுதியை நாலு வரியில் முடிப்பார்கள். சஞ்சிகைக்காகக் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் மதிப்பாய்வாளர் முதலில் புரட்டுவது இதைத்தான்.

இனி கோப்பு. எக்செல் நல்ல வேலைக்காரன்தான், ஆனால் கேட்காமலே கைவைப்பான். மாதப் பெயர் போலத் தெரியும் சில மரபணுப் பெயர்களை அது திகதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் விஞ்ஞானிகள் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. நம் திகதிகளும் தப்பாது. 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் மூன்று, அமெரிக்கருக்கு மார்ச் நான்கு. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதிவிட்டால் குழப்பமில்லை. அளக்காத நாளுக்குப் பூச்சியம் போடாதீர்கள். பூச்சியமும் ஓர் அளவுதான். இன்னொன்று, நமக்கே உரிய தலையிடி: பாமினி எழுத்துருவில் தட்டிய குறிப்புகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். எல்லாவற்றையும் எந்தக் கணினியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, நிரல்களைக் காற்புள்ளியால் பிரித்துவைக்கும் வெறும் எழுத்துக் கோப்பான சிஎஸ்வியாகச் சேமியுங்கள்.

அகலாங்கு, நெட்டாங்கு நிரல்களையும் ஒருமுறை பாருங்கள். திருகோணமலை ஏறக்குறைய வடக்கு 8.57, கிழக்கு 81.23. இரண்டும் இடம் மாறினால் நமது துறைமுகம் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். வரைபடத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்தால் அங்கேயே பிடிபடும்.

தரவை எங்கே வைப்பது? கூகுள் டிரைவ் இணைப்பைச் சஞ்சிகைகள் ஏற்கமாட்டா. ஐரோப்பாவின் சேர்ன் நிறுவனம் 2013 முதல் நடத்திவரும் செனோடோ போன்ற களஞ்சியத்தில் இலவசமாக வைக்கலாம். டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணை முன்கூட்டியே ஒதுக்கி எடுத்து, கட்டுரையில் எழுதிவிடலாம். யார், எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தையும் அங்கேயே தெரிவுசெய்ய வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் திறந்துவிடுவதும் சரியல்ல. கிண்ணியாவிலோ குச்சவெளியிலோ ஒரு மீனவர் உங்களை நம்பி, மீன் படும் இடத்தைக் காட்டியிருப்பார். அந்த இடத்தைத் துல்லியமாக உலகத்துக்குப் போட்டால் நாளைக்கு அங்கே யார் வலை வீசுவார்? அவருடைய பெயரையும் படகு இலக்கத்தையும் எடுத்துவிடுங்கள். இடத்தைச் சில கிலோமீற்றருக்குப் பரவலாக்கிக் கொடுங்கள், அப்படிச் செய்ததைக் கட்டுரையில் சொல்லுங்கள். அவரிடம் முன்பே சம்மதம் கேட்டிருக்க வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் பலர் கேட்பதில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தச் சஞ்சிகைகளில் பல, வெளியிடுவதற்குக் கட்டுரை எழுதியவரிடமே கட்டணம் வாங்குகின்றன, அது சின்னத் தொகையல்ல. அனுப்புமுன் கழிவோ விலக்கோ உண்டா என்று எழுதிக் கேளுங்கள். ஒரு கிழமைக்குள் வெளியிட்டுத் தருகிறோம் என்று தாமாக மின்னஞ்சல் அனுப்புகிறவர்களுக்குப் பதில் போடாதீர்கள்.

கட்டுரையாசிரியர் பட்டியலை எழுத உட்காரும்போது, வெயிலில் நின்று அளந்த பிள்ளையைக் கூப்பிட்டு எதிரில் இருத்தி எழுதுங்கள். அளந்ததோடு, அட்டவணையைத் திருத்தி, எழுதவும் கைகொடுத்திருந்தால் அவருடைய இடம் ஆசிரியர் வரிசையில்தான், நன்றியுரையில் அல்ல. வணக்கம்.