டிராவுக்கு 1, கருப்புக்கு 4: குளோபல் செஸ் லீக்கில் பெண்களின் ஆட்டம்

[திரையில்: ஆறு செஸ் பலகைகள். ஒரு பக்கம் முழுவதும் வெள்ளை, எதிர்ப்பக்கம் முழுவதும் கருப்பு.]

வணக்கம். அணிகளாக மோதும் செஸ் தொடரான குளோபல் செஸ் லீக்கில் ஓர் அணிக்கு ஆறு பேர். அவர்களில் இருவர் பெண்கள். 2023இல் துபாயில் நடந்த முதல் பருவத்தில் கொனேரு ஹம்பியும் ஹரிகாவும் மும்பா மாஸ்டர்ஸ் அணியிலும், சீனாவின் ஹோ இஃபான் ஆனந்துடன் கேஞ்சஸ் கிராண்ட்மாஸ்டர்ஸ் அணியிலும் ஆடினர். அடுத்த ஆண்டு லண்டனில் சென்னையின் வைஷாலி அதே கேஞ்சஸ் அணிக்கு வந்தார். பெண்களே எதிரெதிரே அமரும் அந்த இரு பலகைகளில் ஆட்டம் ஏன் தனிநபர் போட்டிகளைப் போல நகர்வதில்லை என்பதற்கு விடை, புள்ளிக் கணக்கில் இருக்கிறது.

வெள்ளையில் வென்றால் 3 புள்ளி, கருப்பில் வென்றால் 4, டிரா என்றால் ஆளுக்கு 1. ஒரு மோதலில் அணியின் ஆறு பேருக்கும் ஒரே நிறம்தான். எனவே இரு அணிகளும் தலா இரண்டு ஆட்டங்களை வென்று, மற்ற இரண்டும் டிராவானால், கருப்பு அணி 10-8 என வென்றுவிடும்.

[திரையில்: ஐந்து பலகைகள் முடிந்துவிட்டன. வெள்ளை 8, கருப்பு 6.]

ஒரு நிலையைக் கற்பனை செய்துகொள்வோம். வெள்ளை அணிக்கு இரண்டு வெற்றி, கருப்புக்கு ஒன்று, இரண்டு டிரா. இரு பெண்கள் ஆடும் ஒரு பலகை மட்டும் மீதம். டிரா என்றால் 9-7, வெள்ளை அணி வெல்லும்; கருப்பு வென்றால் 10-8 என எல்லாம் தலைகீழாகிவிடும். கருப்பு தோற்றால் 11-6, ஆனால் அவருடைய அணிக்கு டிராவும் தோல்வியே என்பதால், தனிநபர் போட்டியில் டிராவுக்கான அரைப் புள்ளியை வாங்கிக்கொண்டு எழுந்துவிடும் வீராங்கனை, இங்கே தன் ராஜாவையே ஆபத்தில் விட்டுத் தாக்குவது முற்றிலும் சரியான முடிவு.

சிக்கல் என்னவென்றால், ஆறு ஆட்டங்களும் ஒன்றாகத் தொடங்குகின்றன. தொடக்கத்தை, அதாவது ஆட்டத்தின் முதல் சில நகர்த்தல்களின் வகையை, தேர்ந்தெடுக்கும் நேரத்தில் இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. கருப்பு தேர்ந்தெடுக்கும் தொடக்கங்களில், காய்கள் சமச்சீராக நிற்கும் பெட்ரோவ் தற்காப்பைவிட, இருபுறமும் வெவ்வேறு திட்டங்களுக்கு இடமளிக்கும் சிசிலியன் தற்காப்பே நான்கு புள்ளிக்கான வாய்ப்பை நீண்ட நேரம் திறந்துவைக்கும் என்பது என் கருத்து.

இனி கடிகாரம். முதல் பருவத்தில் ஆளுக்கு 20 நிமிடம். நகர்த்தலுக்குக் கூடுதல் விநாடி ஏதும் கிடையாது. ஆளுக்கொரு யானையும் சில சிப்பாய்களும் எஞ்சிய சமநிலையில்கூட, நேரம் குறைந்தவர் தோற்கலாம். ஆகவே வெள்ளைக்கு ஆடுபவர் ராணிகளை மாற்றிக்கொண்டு நிலையை எளிமையாக்கினால் மட்டும் போதாது. எதிராளி டிராவை மறுத்து ஆடிக்கொண்டே இருக்கும்வரை பதில் சொல்ல, இரண்டொரு நிமிடங்களையாவது கையிருப்பில் வைத்திருக்க வேண்டும்.