முதலில் யாரைத் தோற்றீர்?

(எங்கள் ஊர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில், துகிலுரிதல் கூத்து நடந்த இரவு பேசியது. எழுதும்போது கைதட்டலை எடுத்துவிட்டேன். நீளத்தை எடுக்க மனம் வரவில்லை.)

விழாக் குழுத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி எனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்காமல் அமர்ந்துவிட்ட ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவி அம்மையார் அவர்களே, பக்கத்து நாற்காலியில் இருக்கும், ஊரே 'தலைவரே' என்று கூப்பிடுகிற அவருடைய கணவர் அவர்களே, தினமும் மத்தியானம் பாரதம் வாசிக்கும் பிரசங்கியார் அவர்களே, பாதி முகத்துக்கு அரிதாரம் பூசியபடி வந்து நிற்கும் கூத்து வாத்தியார் அவர்களே, மைக் செட் தம்பி அவர்களே, வணக்கம். எனக்குப் போட்ட இந்தப் பொன்னாடையை அம்மையாருக்குப் போட்டிருக்கலாம். சரி, போட்டாயிற்று.

'இதிகாசங்கள் காட்டும் பெண்மை' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பேரைப் பற்றிப் பேசப் போகிறேன்: சீதை, திரௌபதி, அப்புறம் காந்தாரி. அதற்கு முன்னால் என் பாட்டி ஓயாமல் சொல்லும் பழமொழி ஒன்று. 'தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு.' இதை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண வீட்டில் 'ராமனும் சீதையும் போல வாழுங்கள்' என்று வாழ்த்துகிறோம். கம்பர் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டதால் நமக்கும் அந்த வாழ்த்து சௌகரியமாக இருக்கிறது. உத்தர காண்டத்தில் அவள் கர்ப்பிணியாகக் காட்டில் விடப்பட்டதையும் கடைசியில் பூமிக்குள் போனதையும் யாரும் வாழ்த்தில் சேர்ப்பதில்லை. சீதை வாய் திறக்காதவள் என்பதும் நாமாகச் செய்துகொண்டதுதான். 'நீ அயோத்தியிலேயே இரு' என்று ராமன் சொன்னபோது, 'ஆண் உருவத்தில் இருக்கும் பெண்ணையா என் அப்பா மருமகனாகப் பிடித்தார்' என்று கேட்டவள் வால்மீகியின் சீதை. தண்டகாரண்யத்தில், பகையில்லாத அரக்கர்களை ஆயுதம் கையில் இருக்கிறதென்று கொல்லாதீர்கள் என்று கணவனுக்கே புத்தி சொன்னவள்.

பூமிக்குள் போனாள் என்றேனே, அங்கேதான் என் தொழில் புத்தி போகிறது. உழுசாலில் கிடைத்தவள், மண்ணுக்குள் போனவள். நடுவில் அவள் பெயரில் ஒரு காணி நிலமாவது இருந்ததா? முப்பது வருடம் பத்திரம் எழுதியவனுக்கு வேறென்ன தோன்றும்!

திரௌபதிக்கு வருகிறேன். அவளைச் சபைக்குக் கூட்டிவர ஒரு ஏவலாளன் போகிறான், பிராதிகாமி என்று. போனவனை அவள் திருப்பி அனுப்புகிறாள். 'அந்தச் சூதாடியைச் சபையிலேயே கேள். முதலில் யாரைத் தோற்றீர், உம்மையா, என்னையா?' தருமர் வாயைத் திறக்கவில்லை. தன்னையே தோற்று அடிமையானவனுக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க ஏது பாத்தியதை? எங்கள் தொழிலில் விற்பவனுக்கு விற்கும் உரிமை இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். அதைத்தான் அவள் கேட்டாள். பீஷ்மர் என்ன சொன்னார்? உடைமை இல்லாதவன் பிறர் உடைமையைப் பணயம் வைக்க முடியாதுதான், ஆனால் மனைவி கணவனுக்குக் கட்டுப்பட்டவள் ஆயிற்றே, தர்மம் நுட்பமானது, என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை என்றார். கௌரவர்களில் ஒருவனான விகர்ணன் மட்டும் எழுந்து, அவளை வென்றது செல்லாது என்றான். கர்ணன் அவனை 'நீ சின்னப் பையன்' என்று அடக்கிவிட்டான்.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். 1994. ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் எனக்கு ஒரு மேசை. காலை பத்து மணிக்கு வாடகைக் காரில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அண்ணன் தம்பிகள் மூன்று பேர், ஒரே தங்கை. அப்பா போய் ஆறு மாதம். தங்கைக்குப் புதுப் பட்டுப்புடவை, மடிப்புக்கூடக் கலையவில்லை. ஓட்டலில் பொங்கல் வடை வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். பெரியவர் தங்கையை 'கண்ணு, கண்ணு' என்கிறார். நடுவுள்ளவர் எனக்கும் ஒரு காபி சொன்னார். இளையவர் பேசவே இல்லை, மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'தங்கச்சி விட்டுக் குடுக்குது, விடுதலைப் பத்திரம் எழுதுங்க' என்றார் பெரியவர். எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார், அவர் கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். நான்கு எல்லை, சர்வே நம்பர், கிணற்றில் பங்கு, மாமரம் பதினொன்று, எல்லாம் படித்தேன். அந்த அம்மா புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டியபடி கேட்டது:

'ஐயா, விடுதலைப் பத்திரம் என்கிறீங்களே, இதில யாருக்கு விடுதலை?'

வேப்பமரத்துக் காக்காய்கூடக் கத்தவில்லை. பெரியவர் இருமினார். நடுவுள்ளவர் காபி ஆறிவிட்டது என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்தது. 'உன் பங்குக்குச் சட்டம் இருக்கிறது, விருப்பம் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதே அம்மா' என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நான் மசிப் பெட்டியைத் திறந்து வைத்தேன். கைநாட்டு விழுந்தது. கூலி வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி பக்கத்து ஊரில் இதே துகிலுரிதல் கூத்து. வேஷம் கட்டாமலே ஒரு பீஷ்மன் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தான்.

தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு. அந்த மூன்று அண்ணன் தம்பிகளும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பாசம் நிஜம்தான். பங்கும் நிஜம்.

சபையில் தடுமாறிய அதே பீஷ்மர் அனுசாசன பருவத்தில் என்ன சொல்கிறார் தெரியுமா? 'தன்னைப் போலவே மகன், மகனுக்குச் சமம் மகள். அவள் இருக்கும்போது வேறொருவன் எப்படிச் செல்வத்தை எடுத்துக்கொள்வான்?' அது மகன் இல்லாதவன் வீட்டுக்குச் சொன்னது என்று தமிழாசிரியர் ஐயா தலையை ஆட்டுகிறார். ஒப்புக்கொள்கிறேன். பாதி வழியாவது வந்தாரே கிழவர். சாவித்திரியைத்தான் எனக்குப் புரியவில்லை. எமனிடம் கேட்ட வரங்களில் ஒன்று, தன் அப்பாவுக்கு நூறு ஆண்பிள்ளைகள் வேண்டும் என்பது. நூறு அண்ணன் தம்பி! அந்தப் பாகப்பிரிவினையை எழுத என்னைக் கூப்பிடாதீர்கள்.

பீஷ்மர் பாதி வழியில் விட்டதைச் சட்டம் முடித்து வைத்திருக்கிறது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபோதும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை ஆண்களுக்கே இருந்தது. 1989-இல் தமிழ்நாடு மகளுக்கும் கொடுத்தது, ஆனால் அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேலியையும் எடுத்தது. அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிவான பாகப்பிரிவினையைக் கிளற முடியாது, அது வேறு. இவ்வளவு இருந்தும் பட்டுப்புடவையும் பொங்கல் வடையும் இன்னும் வேலை செய்கின்றன.

காந்தாரியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். வாத்தியார் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார், அவருடைய மீதி முகத்துக்கும் அரிதாரம் பூச வேண்டும். அடுத்த வருடம் கூப்பிட்டால் அவளைப் பார்த்துக்கொள்ளலாம்.

தங்கைமார்களுக்கு ஒன்று. 'தாயும் பிள்ளையும்' என்று நான் ஆரம்பித்தால் நீங்களே முடித்துவிடுவீர்கள், அதனால் அதை விட்டுவிடுகிறேன். நாளைக் காலை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பேன். தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, எது இருக்கிறதோ அதன் நகலோடு வாருங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்கிறேன். காசு வேண்டாம், காபியும் வேண்டாம். அண்ணன்மார்களும் கூட வரலாம், கண்ணாடியை மறக்காமல்.

வணக்கம்.